உபுண்டு சர்வரில் போஸ்ட்கிரெஸ்: நிறுவுவது முதல் தடயமின்றி நீக்குவது வரை

'ஏப்ட் ரிமூவ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று தட்டி, 'ஆம்' சொல்லி, கட்டளை முடிந்ததும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர் போய்விட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த நிமிடம் பார்த்தால் போர்ட் 5432-இல் டேட்டாபேஸ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தப் பெயரில் இருப்பது மெட்டா பேக்கேஜ். சர்வர் நிரல் எதுவும் அதற்குள் இல்லை. 'எனக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16 வேண்டும்' என்ற சார்புக் குறிப்புதான் இருக்கிறது. அதை நீக்கினால் அந்தக் குறிப்புதான் போகும். உண்மையான சர்வர் இன்னொரு பேக்கேஜில் நிம்மதியாக இருக்கும்.

நிறுவுவது ஒரு வரி வேலை. நீக்குவது எவ்வளவு சுலபமாக இருக்கும் என்பது, நிறுவும்போது எது எங்கே போய் உட்கார்ந்தது என்று கவனித்தீர்களா என்பதைப் பொறுத்தது. அதனால் இரண்டையும் ஒரே வழிகாட்டியில் எழுதுகிறேன். எடுத்துக்கொண்டது உபுண்டு 24.04, அதன் ரெப்போவிலேயே (பேக்கேஜ் கிடங்கிலேயே) வரும் போஸ்ட்கிரெஸ் 16. டெபியனில் பதிப்பு எண் மட்டும் மாறும்: டெபியன் 12-இல் 15, டெபியன் 13-இல் 17.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் தட்டுங்கள் (பின்னால் வரும் சி.யுடிஎஃப்-8 என்ற மொழி அமைப்புப் பெயர் மட்டும் பெரிய எழுத்துகளில்). புள்ளி, கோடு, சாய்கோடு எல்லாம் இங்கே உள்ளபடியே.

நிறுவும் முன் ஒரு பார்வை

முதலில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பியுங்கள்.

சூடோ ஏப்ட் அப்டேட்

அடுத்து, இந்த இயந்திரத்தில் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் அமைத்துக் கொடுத்த சர்வர் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

டிபிகேஜி -எல் | கிரெப் போஸ்ட்கிரெஸ்
சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி

இரண்டாவது கட்டளை எந்தெந்த போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்று காட்டும். 5432-இல் ஏற்கெனவே ஏதாவது உட்கார்ந்திருந்தால், புதிதாக நிறுவும் போஸ்ட்கிரெஸ் சண்டை போடாது. சத்தமில்லாமல் 5433-க்குப் போய்விடும். பிறகு உங்கள் செயலி பழைய டேட்டாபேஸிலேயே எழுதிக்கொண்டிருக்கும், நீங்கள் புதியதில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி ஒத்திகை.

ஏப்ட் -எஸ் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்

'-எஸ்' போட்டால் எதையும் செய்யாது; செய்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். ரூட் அனுமதிகூட வேண்டாம். வரும் பட்டியலில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16 (இதுதான் சர்வர்), போஸ்ட்கிரெஸ்கியூஎல்-கிளையன்ட்-16, போஸ்ட்கிரெஸ்கியூஎல்-காமன் போன்ற பெயர்கள் தெரியும். இந்தப் பட்டியலை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், நீக்கும் நாளில் தேவைப்படும். மறந்துவிட்டாலும் பரவாயில்லை, /வார்/லாக்/ஏப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பில் எந்தத் தேதியில் எந்தக் கட்டளையால் எவை வந்தன, எவை சார்பாகத் தானாக வந்தன என்று ஏப்ட் எழுதி வைக்கிறது. ஆனால் அந்த லாக் சுழற்சியில் பழையவை ஒருநாள் அழிந்துபோகும்.

யாருடைய ரெப்போ?

உபுண்டுவின் சொந்த ரெப்போ போதுமா, போஸ்ட்கிரெஸ் குழுவினரே நடத்தும் பிஜிடிஜி ரெப்போவைச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். என் கருத்து: 17 அல்லது 18-இல் மட்டுமே உள்ள வசதி ஒன்று உங்களுக்குக் கண்டிப்பாகத் தேவை என்றால் தவிர, உபுண்டு தருவதே போதும். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. 2023 செப்டம்பரில் வெளிவந்த 16-க்கு 2028 நவம்பர் வரை திருத்தங்கள் வரும்.

பிஜிடிஜி வேண்டும் என்றே முடிவு செய்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே பதிப்பு எண்ணோடு கேளுங்கள்: போஸ்ட்கிரெஸ்கியூஎல்-17 என்று. எண் இல்லாத மெட்டா பேக்கேஜ் எப்போதும் ஆகப் புதிய பதிப்பைக் கைகாட்டும். 2025 செப்டம்பரில் 18 வந்தபோது, மெட்டா பேக்கேஜ் போட்டிருந்த சர்வர்களில் வழக்கமான ஏப்ட் அப்கிரேடே 17-க்குப் பக்கத்தில் 18-ஐயும் கொண்டுவந்து வைத்தது. டேட்டா எதுவும் கெடாது. ஆனால் இரண்டு சர்வர்கள் நினைவகத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஓடும்.

நிறுவுதல்

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16

ஆமாம், உபுண்டு ரெப்போவிலிருந்து என்றாலும் எண்ணோடு கேட்பதுதான் என் பழக்கம். எதை நிறுவினோம், எதை நீக்க வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.

கட்டளை முடியும்போதே நான்கு காரியங்கள் நடந்திருக்கும். 'போஸ்ட்கிரெஸ்' என்ற கணினிப் பயனர் உருவாகியிருப்பார். டேட்டா /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/16/மெயின் அடைவிலும், அமைப்புக் கோப்புகள் /எட்சி/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/16/மெயின் அடைவிலும், லாக் /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடைவிலும் அமர்ந்திருக்கும். 'மெயின்' என்ற பெயரில் ஒரு கிளஸ்டர் (ஒரே சர்வர் நிர்வகிக்கும் டேட்டாபேஸ்களின் தொகுதி) உருவாகியிருக்கும். சர்வரும் ஓடத் தொடங்கியிருக்கும். டெபியன் குடும்பத்தின் வழக்கம் இது: நிறுவினால் உடனே ஓட்டிவிடும்.

சரி, ஓடுகிறதா என்று பார்க்க 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று தட்டினால் 'ஆக்டிவ் (எக்சிட்டெட்)' என்று வரும். புதியவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெயரில் இருப்பதும் வெறும் பெயர்ப்பலகைதான். உண்மையான சேவையின் பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல்@16-மெயின். ஒரே இயந்திரத்தில் பல பதிப்புகளை, பல கிளஸ்டர்களை ஓட்ட டெபியன்காரர்கள் செய்த ஏற்பாடு. நிலவரத்தைச் சரியாகச் சொல்வது இந்தக் கட்டளை:

பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்

பதிப்பு, பெயர், போர்ட், ஆன்லைனா டவுனா, டேட்டா எங்கே, லாக் எங்கே எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கட்டளையை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

உள்ளே நுழைய:

சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்

கடவுச்சொல் கேட்காது. உள்ளூர் இணைப்பில் லினக்ஸ் பயனர் பெயரும் டேட்டாபேஸ் பயனர் பெயரும் ஒன்றாக இருந்தால் 'பியர்' முறையில் விட்டுவிடும். உள்ளே போனதும் '\எல்' தட்டி என்கோடிங் யுடிஎஃப்8 என்று இருக்கிறதா பாருங்கள். குறைந்தபட்ச அமைப்புள்ள சர்வரிலும் கன்டெய்னரிலும் மொழி அமைப்பு எதுவும் இல்லாமல் நிறுவினால் கிளஸ்டர் எஸ்கியூஎல்_ஆஸ்கி என்ற என்கோடிங்கில் உருவாகிவிடும். தமிழ் எழுத்துகள் உள்ளே போவது போலத்தான் இருக்கும்; ஆனால் எழுத்தெண்ணிக்கை, தேடல், எல்லாம் பைட் கணக்கில் நடக்கும். டேட்டா எதுவும் ஏறாத இப்போதே சரிசெய்துவிடுங்கள்:

சூடோ பிஜி_ட்ராப்கிளஸ்டர் --ஸ்டாப் 16 மெயின்
சூடோ பிஜி_கிரியேட்கிளஸ்டர் --ஸ்டார்ட் -இ யுடிஎஃப்8 --லொக்கேல் சி.யுடிஎஃப்-8 16 மெயின்

முதல் வரி கிளஸ்டரை டேட்டாவோடு அழிக்கும். காலியாக இருக்கும்போது மட்டும்.

அமைப்பை மாற்றும்போது

செயலி இதே இயந்திரத்தில் ஓடுகிறது என்றால் நெட்வொர்க் பக்கம் எதையும் தொட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 127.0.0.1-இல் மட்டும்தான் கேட்கும், அதுவே நல்லது. வேறு இயந்திரத்திலிருந்து வர வேண்டும் என்றால் மூன்று இடங்களைத் திறக்க வேண்டும்: லிசன்_அட்ரஸஸ் அமைப்பு, பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பில் அந்த ஐபிக்கு ஒரு வரி (முறை ஸ்கிராம்-ஷா-256), ஃபயர்வாலில் அந்த ஐபிக்கு மட்டும் 5432. முதலாவதை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவை, இரண்டாவதற்கு ரீலோட் போதும். பிஜி_ஹெச்பிஏ கோப்பில் 0.0.0.0/0 என்று உலகத்துக்கே கதவைத் திறந்துவிடும் பதிவுகளை இணையத்தில் நிறையப் பார்க்கலாம். அவற்றைப் பின்பற்றாதீர்கள்.

உங்கள் மாற்றங்களை மூல போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் கோப்பில் எழுதாமல், அதே அடைவில் உள்ள கான்ஃப்.டி என்ற உள்ளடைவில் தனிக் கோப்பாக எழுதுங்கள். டெபியன் அமைப்பு அதையும் சேர்த்துப் படிக்கும். எது உங்களுடையது, எது பேக்கேஜோடு வந்தது என்று ஒரு பார்வையில் தெரியும். எட்சிகீப்பர் என்ற பேக்கேஜையும் போட்டால் இன்னும் நல்லது: /எட்சி அடைவு முழுவதையும் கிட் என்ற பதிப்பு வரலாற்றுக் கருவியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஏப்ட் ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் தானே கமிட் செய்யும்.

நீக்கும் நாள்: முதலில் நிறுத்துங்கள், நீக்காதீர்கள்

இந்த டேட்டாபேஸை யாரும் பயன்படுத்தவில்லை என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும். நம்பாதீர்கள். பிஎஸ்கியூஎல் உள்ளே போய்க் கேளுங்கள்:

செலக்ட் டேட்நேம், யூஸ்நேம், கிளையன்ட்_ஆடர் ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி;

இது இந்த நொடியின் படம் மட்டும்தான். மாதம் ஒருமுறை அறிக்கை எடுக்கும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) இதில் தெரியாது. அதனால் செயலிகளை நிறுத்திவிட்டு, பேக்கப் எடுத்து, சர்வரை நிறுத்தி, குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடியும்வரை அப்படியே விடுங்கள். வட்டில் இடம் அடைபட்டால்தான் என்ன, யாராவது கூச்சல் போட்டால் ஒரே கட்டளையில் திரும்ப எழுப்பிவிடலாம்.

பேக்கப், சர்வர் ஓடும்போதே எடுக்க வேண்டியது:

சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஜி_டம்ப்ஆல் > முழுபேக்கப்.எஸ்கியூஎல்

பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும்; பயனர்களும் கடவுச்சொற்களும் அதில் வராது. டம்ப்ஆல் எல்லாவற்றையும் எடுக்கும். முடிந்ததும் கோப்பின் கடைசி வரிகளை டெயில் போட்டுப் பாருங்கள். 'டேட்டாபேஸ் கிளஸ்டர் டம்ப் கம்ப்ளீட்' என்ற வரி இல்லாவிட்டால் வட்டு நிரம்பியோ வேறு எதனாலோ பாதியில் நின்றிருக்கிறது. கோப்பை வேறு இயந்திரத்துக்கு நகர்த்தி, அங்கே ஒரு காலிக் கிளஸ்டரில் ஏற்றியும் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடவே /எட்சி/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடைவையும் டார் செய்து (ஒரே கோப்பாகக் கட்டி) எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிறுத்துங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்

காத்திருக்கும் காலத்தில் தானாக எழாமல் இருக்க, கிளஸ்டரின் அமைப்பு அடைவிலுள்ள ஸ்டார்ட்.கான்ஃப் கோப்பில் 'ஆட்டோ' என்பதை 'மேனுவல்' என்றும் மாற்றிவிடுங்கள். சர்வர் நின்றுவிட்டதால் அதற்குப் பிறகு டேட்டா மாறப்போவதில்லை. நீங்கள் எடுத்த பேக்கப் பழசாகாது.

ரிமூவ், பர்ஜ், இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி

'ரிமூவ்' நிரல்களை நீக்கும். /எட்சியில் உள்ள அமைப்பையும் டேட்டாவையும் தொடாது. பிறகு டிபிகேஜி -எல் பட்டியலில் அந்த பேக்கேஜின் நிலை 'ஐஐ' என்பதிலிருந்து 'ஆர்சி' என்று மாறும்: நிரல் போய்விட்டது, அமைப்பு இருக்கிறது. இந்த நிலையில் அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் பழைய கிளஸ்டர் டேட்டாவோடு உயிர்பெறும். 'பர்ஜ்' அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும்.

பொதுவாக, பர்ஜ் டேட்டாவைத் தொடாது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் சர்வர் பேக்கேஜை பர்ஜ் செய்தால், கிளஸ்டர்களின் டேட்டா, அமைப்பு, லாக் அடைவுகளையும் அழிக்கட்டுமா என்று ஒரு நீலத்திரைக் கேள்வி வரும். அதற்கு இயல்பாக வைத்திருக்கும் விடை 'ஆம்'. என்டர் தட்டினால் போச்சு. கேள்வியே கேட்காதபடி நான்இன்டராக்டிவ் முறையில் ஸ்கிரிப்ட் ஓட்டினாலும் அந்த 'ஆம்'தான் எடுத்துக்கொள்ளப்படும்.

அதனால் டேட்டாவை அழிக்கும் வேலையை பர்ஜிடம் விடாமல் நானே பெயர் சொல்லிச் செய்துவிடுவேன்:

சூடோ பிஜி_ட்ராப்கிளஸ்டர் --ஸ்டாப் 16 மெயின்

எந்தப் பதிப்பு, எந்தக் கிளஸ்டர் என்று விரலால் தட்டும்போது ஒரு நொடி யோசிக்க நேரம் கிடைக்கிறது. பிறகு ஒத்திகை, பிறகு நிஜம்:

ஏப்ட் -எஸ் பர்ஜ் போஸ்ட்கிரெஸ்கியூஎல் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16
சூடோ ஏப்ட் பர்ஜ் போஸ்ட்கிரெஸ்கியூஎல் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16

'-ஒய்' போடாதீர்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல்* என்று நட்சத்திரக்குறியும் போடாதீர்கள். பக்கத்தில் ஓடும் வேறு பதிப்பு, வேறு சர்வரோடு பேசப் பயன்படும் கிளையன்ட் கருவிகள் எல்லாம் அந்த நட்சத்திரத்துக்குள் அடங்கிவிடும்.

சார்பாக வந்தவற்றைத் துடைக்க:

சூடோ ஏப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்

இங்கேயும் பட்டியலைப் படித்துவிட்டே 'ஆம்' சொல்லுங்கள். தானாக வந்தது என்று ஏப்ட் குறித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று உங்களுக்கு வேண்டியதாக இருக்கலாம்; பிஎஸ்கியூஎல் கிளையன்ட் அடிக்கடி இப்படி மாட்டும். வேண்டியதை முதலில் 'சூடோ ஏப்ட்-மார்க் மேனுவல்' என்று பெயரோடு குறித்துவிட்டால் தப்பிவிடும்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. 'ஆர்சி' நிலையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அடியாகத் துடைக்க 'ஏப்ட் பர்ஜ் ~சி' என்று ஒரு குறுக்குவழி உண்டு. அந்தப் பட்டியலில் பழைய போஸ்ட்கிரெஸ்கியூஎல்-14 இருந்து, அதன் டேட்டா அடைவை யாரோ வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தால், அதே அழிப்புக் கேள்வி அப்போதும் வரும்.

மிச்சம் மீதி

பேக்கேஜ் கொண்டுவந்ததை பேக்கேஜ் எடுத்துப் போகும். நீங்கள் கையால் செய்ததை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஃபயர்வால் விதி அதில் முதலாவது:

சூடோ யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்ட்

5432-க்கான வரியின் எண்ணைப் பார்த்து 'யுஎஃப்டபிள்யூ டிலீட்' என்று அந்த எண்ணோடு தட்டுங்கள். ஒன்றை நீக்கியதும் மற்றவற்றின் எண்கள் மாறும். ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்.

அடுத்து /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் நீங்கள் எழுதிய ஓவர்ரைடு கோப்புகள். அழித்துவிட்டு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்'. இரவு பேக்கப் எடுக்கும் கிரான் வரி; இதை விட்டால் தினமும் பிழை மெயில் வரும். பிஜிடிஜி ரெப்போ சேர்த்திருந்தால் /எட்சி/ஏப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் உள்ள அதன் கோப்பும், அதற்கான கையொப்பச் சாவியும்.

போஸ்ட்கிரெஸ் பயனர் மிஞ்சியிருந்தால் அவசரப்பட்டு நீக்காதீர்கள். முதலில்:

சூடோ ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -யூசர் போஸ்ட்கிரெஸ்

அவர் பெயரில் எங்காவது கோப்பு கிடந்தால், பயனரை நீக்கிய பின் அந்தக் கோப்பு வெறும் எண்ணுக்குச் சொந்தமாகிவிடும். நாளை வேறொரு மென்பொருள் புதுப் பயனரை உருவாக்கும்போது அதே எண் கிடைத்தால் உங்கள் பழைய பேக்கப் கோப்பு அவருக்குச் சொந்தம். ஒன்றும் கிடைக்காவிட்டால் நீக்கலாம், விட்டுவைத்தாலும் கேடில்லை.

கையால் அழித்துவிட்டவர்களுக்கு

ஏப்டிடம் சொல்லாமல் 'ஆர்எம் -ஆர்எஃப்' போட்டு அடைவுகளை அழித்துவிட்டு, மறுபடி நிறுவினால் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் ஒரு தனிக் கூட்டம். போஸ்ட்கிரெஸில் டேட்டாவை மட்டும் அழித்திருந்தால், பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் பட்டியலில் அந்தக் கிளஸ்டர் உரிமையாளர் தெரியாமல் 'டவுன்' என்று நிற்கும். /எட்சியில் அதன் அமைப்பு இன்னும் இருப்பதுதான் காரணம். அதையும் எடுத்துவிட்டு பிஜி_கிரியேட்கிளஸ்டர் ஓட்டினால் தீர்ந்தது.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் போன்றவற்றில் கதை வேறு. /எட்சி/என்ஜின்எக்ஸ் அடைவை அழித்துவிட்டு எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் கோப்புகள் திரும்பி வராது. அமைப்புக் கோப்பை நிர்வாகி அழித்தால் அது அவருடைய விருப்பம், அதை மதிக்க வேண்டும் என்பது டிபிகேஜியின் கொள்கை. ஒழுங்காக பர்ஜ் செய்துவிட்டு நிறுவுங்கள், வரும். அந்தக் கோப்புகள் எந்த பேக்கேஜைச் சேர்ந்தவை என்பதையும் பாருங்கள். அவை பெரும்பாலும் என்ஜின்எக்ஸ்-காமனில் இருக்கும், அதையும் பர்ஜ் செய்ய வேண்டும்.

ரெட் ஹாட் குடும்பத்தில்

ஆல்மா, ராக்கி, ஃபெடோரா ஆகியவற்றில் வழக்கங்கள் வேறு. ஏப்டின் இடத்தில் அங்கே டிஎன்எஃப். 'டிஎன்எஃப் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-சர்வர்' நிறுவும், ஆனால் ஓட்டாது. நீங்கள்தான் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-செட்டப் --இனிட்டிபி' தட்டி கிளஸ்டரை உருவாக்கி, 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ்' சொல்ல வேண்டும். அமைப்பும் டேட்டாவும் சேர்ந்தே /வார்/லிப்/பிஜிஎஸ்கியூஎல்/டேட்டா அடைவில் இருக்கும். பர்ஜ் என்று ஒன்று அங்கே கிடையாது. 'டிஎன்எஃப் ரிமூவ்' செய்தபின் டேட்டா அடைவு அப்படியே நிற்கும், அதைக் கையால்தான் அழிக்க வேண்டும். தேவையற்ற சார்புகளை டிஎன்எஃப் அப்போதே சேர்த்து நீக்கிவிடும் என்பதால் உறுதி கேட்கும் பட்டியலை இன்னும் கவனமாகப் படியுங்கள். எனக்கு அங்கே பிடித்தது 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ': பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்தால் அந்த நிறுவலை அப்படியே பின்வாங்கும்.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்ததும் இயந்திரத்தை ஒருமுறை ரீபூட் செய்து, திரும்பவும்:

சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி | கிரெப் 5432
டிபிகேஜி -எல் | கிரெப் போஸ்ட்கிரெஸ்

இரண்டாவதில் சர்வர் பேக்கேஜ் எதுவும் இல்லாமல், முதலாவதில் மட்டும் 5432 இன்னும் தெரிந்தால், வரியின் கடைசியில் உள்ள நிரல் பெயரைப் பாருங்கள். 'டாக்கர்-ப்ராக்ஸி' என்று இருந்தால் அது ஏப்டின் ஆளுகைக்கு வெளியே டாக்கர் கன்டெய்னரில் (தனக்கென ஒதுக்கிய சூழலில்) ஓடுகிற இன்னொரு போஸ்ட்கிரெஸ். 'டாக்கர் பிஎஸ்' அதன் பெயரைக் காட்டும். கன்டெய்னரை நீக்கினாலும் பெயரிட்ட வால்யூமில் டேட்டா மிஞ்சும். 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' பார்த்து, அதற்கும் மேலே சொன்ன பேக்கப்பை எடுத்துவிட்டு, பிறகு 'டாக்கர் வால்யூம் ஆர்எம்' தட்டுங்கள்.